நகுலேஸ்வரியை ஆறு மேலே கொண்டுபோன கோடை

பாசல் நகரத்தின் நடுவே போகிற ரைன் ஆறு கிழக்கிலிருந்து வந்து, நடுப்பாலத்தடியில் வளைந்து வடக்கே திரும்பி, இரண்டு அயல் நாடுகளின் எல்லையைத் தடவிக்கொண்டு கடலைத் தேடிப் போகும். அது எல்லோருக்கும் அப்படித்தான் ஓடியது, ஆனால் நகுலேஸ்வரிக்கு மட்டும், அந்த வருடம் ஜூலை மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணியிலிருந்து, மேலே ஓடத் தொடங்கியது.

கோடை வந்தால் அந்த நகரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வங்கிக்காரரும் வாத்தியாரும் ட்ராம் ஓட்டுநரும் பல் வைத்தியரும் உடுப்பையும் சப்பாத்தையும் வீட்டுச் சாவியையும் மீன் வடிவத்தில் தைத்த ஒரு பைக்குள் போட்டு, தண்ணீர் புகாதபடி அதன் வாயை ஏழு மடிப்பு மடித்துக் கட்டி, நகரத்தின் மேல்தலைப்பில் ஆற்றில் இறங்கி, அந்த மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மிதந்து, பாலங்களையும் தேவாலயத்தையும் கடந்து, கீழ்த்தலைப்பில் கரையேறி, ஈரக்காலோடு கரை வழியே மேலே நடந்து வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகப் போவதால் ஒருவர் மற்றவரின் பின்னந்தலையைத்தான் பார்ப்பார். அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

நகுலேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தமிழ்க் கிராமமான உரும்பிராயில் பிறந்து, இருபத்தொன்பது வயதில் இந்த நகரத்துக்கு வந்தவள். ஆற்றின் மேல்தலைப்பில் இருந்த ஒரு மருந்துக் கம்பனியின் ஒன்பது மாடி அலுவலகத்தை இருபத்திமூன்று வருடங்களாகத் துப்புரவு செய்துவந்தாள். ஆட்கள் வருவதற்கு முன் போய், ஆட்கள் வருவதற்கு முன் திரும்பிவிடுகிற வேலை. எந்த மேசைக்காரர் வாழைப்பழத் தோலை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் மறந்துவிடுவார், எவர் பிள்ளையின் படத்தை மாற்றிக்கொண்டே இருப்பார், எவர் எழுதிய கடிதத்தை நாலாகக் கிழித்துப் போடுவார் என்று அவளுக்கு மேசை மேசையாகத் தெரியும். அந்த மேசைகளில் இருந்த ஒருவருடைய முகமும் தெரியாது.

கணவர் செல்வச்சந்திரன் ஒரே உணவகத்தின் ஒரே சமையலறையில் முப்பத்திரண்டு வருடம் நின்று அந்த வசந்தத்தில் ஓய்வுபெற்றவர். ஒரே மகள் வேலைக்காக ஜெனீவாவில் இருந்தாள். ஒன்பது வருடங்களுக்கு முன் புருஷனும் பெண்சாதியும் சுவிஸ் குடியுரிமை கேட்டு எழுதியிருந்தார்கள். விசாரித்த குழு அயலவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, 'விண்ணப்பதாரர்களைப் பற்றிச் சொல்ல அயலவர்களிடம் நல்லதோ கெட்டதோ எதுவுமில்லை, ஆகையால் இப்போதைக்கு இல்லை' என்று பதில் போட்டது. அந்தக் கடிதத்தைச் செல்வச்சந்திரன் மடித்து லாச்சிக்குள் வைத்த அதே மாதம்தான் உரும்பிராயில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டக் காசு அனுப்பினார். இப்போது அந்த வீட்டுக்குத் தரைக்கல்லும் பதித்தாயிற்று. நவம்பரில் இருவரும் ஒரேயடியாகப் போய்விடுவது என்பது அவருடைய முடிவு. அவளுடைய முடிவை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவளுக்கு முழங்கால் நோ. வைத்தியர் நீந்தச் சொன்னார். ஒரு மாரிகாலம் முழுவதும் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் உள்ளரங்கத் தடாகத்துக்குப் போய்ப் பலகையைப் பிடித்து, பிறகு பலகையை விட்டு, ஒருவாறு நீந்தப் பழகினாள். ஜூலையில் தடாகத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டினார்கள். "அதனாலென்ன, ஆறு திறந்துதானே இருக்கிறது" என்றார் வைத்தியர்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை முழங்கால்வரை மூடிய நீல நீச்சலுடையும், மலிவு விற்பனையில் வாங்கிய சிவப்பு மீன் பையுமாக, வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில், நடுப்பாலத்துக்குச் சற்றுக் கீழே இருந்த கற்படியில் இறங்கினாள். மேலே போய் இறங்கவேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. செல்வச்சந்திரன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரக் கல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. நாட்டுக்கு நாடு கள்ளமாகக் கடத்திக்கொண்டு வந்த காலத்தில், பெயர் தெரியாத ஓர் ஆற்றை மார்கழிக் குளிரில் கழுத்தளவு தண்ணீரில் கடந்தவர். ஆறு பேராக இறங்கி ஐந்து பேராக ஏறினார்கள். அதற்குப் பிறகு அவர் குளிப்பதற்குக்கூடத் தொட்டியை நிரப்பியதில்லை, வாளியில்தான் குளித்தார்.

நகுலேஸ்வரி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நின்றாள். தண்ணீர் காலை மெல்ல இழுத்தது. கையை விட்டாள். ஆறு அவளை ஒரு பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கி, நடுப்பாலத்தின் கீழாக, மேலே கொண்டுபோனது.

"இஞ்சரும்! எங்கயப்பா போறீர்?" செல்வச்சந்திரன் எழும்பி நின்று கத்தினார்.

"எனக்கென்ன தெரியும்? தண்ணி கொண்டுபோகுது!"

"கீழயல்லோ கொண்டுபோகோணும்!"

"அதைத் தண்ணியிட்டக் கேளுங்கோ!"

அவர் செருப்பும் கையுமாகக் கரையில் ஓடினார், ஓட ஏலாமல் நடந்தார். அவளோ பையைக் கட்டிக்கொண்டு, நாடியைத் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொண்டு, அலுங்காமல் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு எதிரே நகரம் வந்தது. தலை தலையாக, பை பையாக, நூற்றுக்கணக்கில் ஆற்றை நிறைத்துக்கொண்டு வந்தது, வந்த எல்லாத் தலையிலும் முகம் இருந்தது. புருவத்தில் தண்ணீர் சொட்டும் முகம், மூக்குக் கண்ணாடியை விடாத முகம், காதலியோடு கோபித்துக்கொண்டு வரும் முகம், வாயைத் திறந்து வானத்தைப் பார்க்கும் முகம். ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து, அவளைப் பார்த்து, வழிவிட்டு, "மாலை வணக்கம்" என்று சொல்லிப் போனது. அந்த ஊர்ச் சனம் அதிசயப்படுவதில் சிக்கனமானவர்கள். ஒருவர் மட்டும், "அந்தப் பக்கம் தண்ணீர் குளிரா?" என்று கேட்டார். "இல்லை, அளவாக இருக்கிறது" என்றாள் நகுலேஸ்வரி. இருபத்திமூன்று வருடத்தில் அந்த நகரத்து மனிதர் ஒருவர் அவளிடம் வேலைக்கல்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று, மேல்தலைப்புப் படியில் ஏறித் தலை துவட்டும்போது அவளுக்கு நினைவு வந்தது.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஆறும் ஒரு நாளாவது மனம் மாறவில்லை.

தேவாலயத்துக்குக் கீழே ஆற்றைக் குறுக்கே கடக்கிற ஓடம் ஒன்று உண்டு. அதற்கு எஞ்சினும் இல்லை, துடுப்பும் இல்லை. மேலே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரின் வேகத்திலேயே கரைக்குக் கரை போகும். நகுலேஸ்வரி அதைக் கடக்கிற வேளை ஓடம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடு ஆற்றில் அரை நிமிடம் நின்றுவிடும். ஓடக்காரர் வெர்னர் அறுபது வயது தாண்டிய, தாடி வைத்த, வசனத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதர். முதல் நாள் அவர் தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைத் தூக்கினார். இரண்டாம் நாள் பெயரைக் கேட்டு, அதை நகுலா என்று சுருக்கி, அன்றிலிருந்து பயணிகளிடம், "நகுலா போகிறாள், பொறுங்கள்" என்று சொல்லத் தொடங்கினார். ஓகஸ்ட் வரும்போது அந்த அரை நிமிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. உல்லாசப் பயணிகள் அந்த நேரத்தில் தேவாலயத்தைப் படம் எடுத்தார்கள், காதலர்கள் அந்த நேரத்துக்கென்றே ஓடம் ஏறினார்கள், ஒரு மனிதர் ஒன்பது மாதமாகச் சொல்லத் துணியாத ஏதோ ஒன்றைத் தன் மனைவியிடம் அந்த அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார் என்றும் கேள்வி.

ஆற்றுப் பொலிசு ஒரு கடிதம் அனுப்பியது. 'ஆற்றோடு போகிறவர்கள் வலக்கரையை ஒட்டியும், மேலே போகிறவர் அவர்களுக்கு இடப்பக்கமாகவும் செல்லவேண்டும். மேலே போகிறவர் தற்போது ஒருவரே என்பதால் தனிப் பலகை நாட்டப்படமாட்டாது.' தண்ணீரை அளக்கிறவர்கள் மூன்று பேர் ரப்பர்ப் படகில் வந்து அவளோடு கூடவே போய், அவளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு ஆறு கிழக்கே ஓடுகிறது, அதற்கு வெளியே வழமை போல என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அதை ஐந்தாம் பக்கத்தில், ட்ராம் தண்டவாளத் திருத்த வேலைச் செய்திக்குக் கீழே போட்டது.

தமிழ்ச் சனம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. தமிழ்க் கடை வைத்திருந்த பவளராணி கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, ஆம்பிளையள் பொம்பிளையள் எல்லாம் ஒண்டா இறங்கிற ஆறாமே?"

"ஓம். ஆறு ஒண்டுதானே இருக்கு."

"சனம் கதைக்குது."

"என்னெண்டு? நான் மேல போறனெண்டோ, நீச்சலுடுப்புப் போடுறனெண்டோ?"

பவளராணி யோசித்துப் பார்த்தாள். "உடுப்பைப் பற்றித்தான் கூடக் கதைக்கினம்" என்றாள்.

மூன்று கிழமை கதைத்தபின் அது ஏதோ நேர்த்திக்கடன் என்று முடிவு செய்தார்கள். நேர்த்தி ஒன்றும் இல்லை என்று நகுலேஸ்வரி சொன்னதை அடக்கமென்று எடுத்துக்கொண்டார்கள். கோயில் தீர்த்தத் திருவிழாவை வருடா வருடம் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து நடத்திவந்த நிர்வாகம், இம்முறை மேலே போகிற தண்ணீரில் ஒரு குடம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. அவள் எடுத்துக் கொடுத்தாள். குடத்துக்குள் அது மற்றத் தண்ணீர் போலத்தான் இருந்தது.

நகரத்துக்கோ அவள் தேவைப்படத் தொடங்கினாள். கீழே போகிறவர்கள் மேலே எதையாவது மறந்துவிடுவது வழக்கம். "நகுலா, படியில் சிவப்புத் துவாய் கிடக்கும், காவலரிடம் கொடு." "நகுலா, பின்னால் வழுக்கைத் தலையோடு ஒருவன் வருவான், சாவி என்னிடம் என்று சொல்." அவள் வழுக்கைத் தலைகள் எல்லாவற்றிடமும் சொன்னாள். அந்த ஊர் மொழியிலும் நம்முடையதைப் போல நீயும் உண்டு, நீங்களும் உண்டு. இருபத்திமூன்று வருடமாக நகரம் அவளை நீங்கள் என்றே அழைத்தது. பார்க்க மரியாதைதான், ஆனால் கதவுச் சங்கிலி விடுகிற அளவு திறந்த மரியாதை. ஆற்றுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். முதல் தரம் ஒரு இளம் பெண் அவளை நீ என்றபோது நகுலேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஒரு கிழமைக்குப் பிறகு கடைத்தெருவில் ஒருவர் மறந்துபோய் நீங்கள் என்றபோதும் அதே இடத்தில் சுருக்கென்றது.

ஓகஸ்ட் நடுவில் ஒரு நாள், மஞ்சள் தொப்பி போட்ட எழுபத்தாறு வயதுக்காரி ஒருத்தி படியில் அவளுக்காகக் காத்திருந்தாள்.

"நான் ரூத். என்னால் மிதக்க முடியும், மேலே நடக்க இடுப்பு விடாது. ஈர உடுப்போடு ட்ராமில் ஏறினால் முறைக்கிறார்கள். உன் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு வரட்டுமா?"

"வாருங்கள். வா" என்றாள் நகுலேஸ்வரி.

ஒரு கை நீளத்துக்குள் இருந்ததால் ரூத்தையும் ஆறு மேலே கொண்டுபோனது. தபால் கந்தோரில் நாற்பது வருடம் வேலை பார்த்த மனுஷி, விலாசம் கேட்காமல் இருக்க முடியாதவள். நகுலேஸ்வரி தெருவையும் இலக்கத்தையும் சொன்னாள். பின்னால் சத்தமில்லை. வால் கைநழுவிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள்.

"நாற்பத்தொன்றா?" என்றாள் ரூத். "நானும் நாற்பத்தொன்று. இரண்டாம் மாடி."

"நான் மூன்றாம் மாடி."

"எவ்வளவு காலமாக?"

"பத்தொன்பது வருடம்."

இருவரும் மாடிப்படியில் குனிந்த தலையோடு, மாரிக்காலத்துக் கோட்டும் கழுத்துத் துணியுமாக, ஒருவரையொருவர் கடந்து போயிருக்க வேண்டும். எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை.

"செவ்வாய்க்கிழமைகளில் எதையோ வறுக்கிற வாசம் வரும். தும்மல் வரும். அது நீயா?"

"செத்தல் மிளகாய்."

"நான் ஜன்னலைச் சாத்துவேன்."

"தெரியும். சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும்."

இருவரும் சிரித்ததில் இருவர் வாய்க்குள்ளும் ஆறு புகுந்தது. இருமி முடித்து, ஓடம் நிற்கிற இடமும் கடந்த பிறகு, ரூத் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஆள் வந்து கேட்டான், மூன்றாம் மாடிக்காரரைத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். அது பொய்யில்லை, நகுலா. ஆனால் அவன் போன பிறகாவது மேலே ஏறி வந்து பார்த்திருக்கலாம். பதினெட்டுப் படி. அப்போது எனக்கு இடுப்பும் நன்றாகத்தான் இருந்தது."

லாச்சிக்குள் இருந்த கடிதம், அதை மடித்த கை, அதற்குப் பிறகு எழும்பிய வீடு எல்லாம் அந்த இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து புறப்பட்டவை. கோபப்படுவோமா என்று நகுலேஸ்வரி யோசித்தாள். கோபப்படுவதற்கு ரூத்தின் முகம் மிகக் கிட்டவாக இருந்தது, அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நானும் பதினெட்டுப் படி இறங்கி வரவில்லை" என்றாள். "வாலை இறுக்கிப் பிடி. பாலத்தடியில் சுழி இருக்கிறது."

செப்டம்பரில் அவள் இரண்டாம் தடவை விண்ணப்பம் எழுதினாள், தனியாக. செல்வச்சந்திரனுக்கு அதை மேசையில் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

"நவம்பர் பன்ரண்டாம் தேதிக்குப் பிளேன் ரிக்கற் போட்டிருக்கு, தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"அப்ப இதென்னத்துக்கு?"

"நான் இஞ்ச இருக்கப்போறன்."

"ஆற்றில மேல போறதுக்காகவோ?"

"இல்லையப்பா." இத்தனை வருடம் அவரோடு கதைத்த தமிழில் அதற்குச் சொல் தேடினாள். "ஒரு நாளைக்கு நூறு பேர் எனக்கு முன்னால வாறாங்கள். எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்லுறாங்கள். நான் செத்தால் இவங்களுக்குத் தெரியும், இண்டைக்கு நகுலா வரேல்லை எண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் போட்டார். கையெழுத்து வைக்கிற இடத்தில் பேனையை எடுத்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். அது அவளுக்கான பேனைதான். தனக்கென்று அவர் வேறு படிவம் கேட்கவில்லை.

ஒக்டோபர் கடைசியில் விசாரணை. ஒரு சிறிய அறையில் ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நகுலேஸ்வரி சேலை உடுத்திப் போயிருந்தாள். அவர்களுடைய காய்ந்த தலைமயிரும் இஸ்திரி போட்ட உடுப்பும் அவளை முதலில் குழப்பின. ஈரமாகவும் தோள்வரையும் கற்பனை பண்ணிப் பார்த்ததும் மூன்று பேரை அடையாளம் கண்டாள். அவர்களும் சேலையிலிருந்து தோளையும் தலையையும் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது.

தலைமை தாங்கிய பெண் ஆற்றில் இறங்குகிறவளாகத் தெரியவில்லை. நாட்டில் எத்தனை மாநிலம், சட்டசபைக்கு எத்தனை வருடத்துக்கு ஒரு தரம் தேர்தல் என்றெல்லாம் கேட்டாள். நகுலேஸ்வரி எல்லாம் பாடமாக்கியிருந்தாள். பிறகு தாளைத் திருப்பி, அங்கே அச்சடித்திருந்ததைத் தலைநிமிராமல் வாசித்தாள்:

"ரைன் ஆறு நமது நகரத்தில் எந்தத் திசையை நோக்கி ஓடுகிறது?"

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சரியான விடை எதுவென்று நகுலேஸ்வரிக்குத் தெரியும். புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோடை முழுவதும் அந்த ஆறு அவளுக்குச் செய்ததை இந்த மேசைக்கு முன்னால் இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்களுக்கு வடக்கே" என்றாள். "எனக்குக் கிழக்கே."

தலைமைப் பெண் நிமிர்ந்தாள். வலது ஓரத்தில் இருந்த இளைஞன் தொண்டையைச் செருமி, "அது உண்மைதான். எனக்கு எதிரே வருவாள்" என்றான். "வருவார்" என்று திருத்திக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் மகன் மறந்த மூக்குக் கண்ணாடி அதே நாளில் கைக்கு வந்ததைச் சொன்னார். தலைமைப் பெண் பேனையை எடுத்தாள். விடைக்கு விட்டிருந்த கட்டம் சிறியது. அதற்குள் இரண்டு திசையையும் எழுதி, இரண்டுக்கும் சரி போட்டாள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி செல்வச்சந்திரன் ஒரு பெட்டியோடு விமானம் ஏறினார். அவருடைய மருந்துகளை நேரவாரியாகக் கட்டி, கட்டுகளின் மேல் தமிழில் எழுதி வைத்தது நகுலேஸ்வரிதான். விமான நிலையத்தில் இருவரும் சண்டை போடவில்லை. "மாபிள் தரையில ஈரக்காலோட நடவாதேங்கோ" என்று சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மாரிகாலம் நீண்டது. ஆறு கறுத்து, ஒருவரும் இறங்காமல், தன்பாட்டில் ஓடியது. ஞாயிறுகளில் ரூத் பதினெட்டுப் படி ஏறி வந்தாள்; செவ்வாய்களில் நகுலேஸ்வரி பதினெட்டுப் படி இறங்கிப் போனாள். ஏப்ரலில் கடிதம் வந்தது. அதை ரூத்தின் சமையலறையில்தான் உடைத்தாள். ரூத் முழுவதையும் சத்தமாக வாசித்து, தபால் முத்திரையின் தேதியைச் சரிபார்த்து, "நல்ல தெளிவான முத்திரை" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கே நகுலேஸ்வரி உரும்பிராய்க்குப் போன் எடுத்தாள்.

"குடுத்திட்டாங்கள்."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு மோட்டார் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. "அப்ப நீர் வரமாட்டீர்" என்றார் அவர்.

"வந்து பாத்திட்டு வருவன். இருக்க வரமாட்டன்."

"சாப்பிட்டீரோ?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மே மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், முன்னறிவிப்பில்லாமல் கதவு மணி அடித்தது. செல்வச்சந்திரன் அதே பெட்டியோடு நின்றார், ஆள் கறுத்து மெலிந்திருந்தார். வீட்டை ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் சோறு போட்டாள். மூன்றாம் கவளத்தில் அவராகவே தொடங்கினார்.

"வீடு நல்ல வீடு. ஒரு குறையும் சொல்ல ஏலாது. பின்னேரத்தில சந்திக்குப் போய் நிப்பன், ஆரும் தெரிஞ்ச முகம் வருமோ எண்டு. பதினேழு நாள் பாத்தன். என்னோட படிச்சவங்கள் ஒருத்தனும் இல்லை, எல்லாரும் கனடா, லண்டன். கடைக்காரப் பெடியன் என்னைச் சுவிஸ் ஐயா எண்டுறான். ஒரு நாய் மட்டும் பழகிச்சுது." குழம்பை வழித்தார். "அங்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியேல்லை, நகுலா."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம்.

"இஞ்சயும் உங்களை ஒருத்தருக்கும் தெரியாதப்பா" என்றாள் அவள், மெதுவாக. "நீங்கள் கரையில எல்லோ இருந்தனீங்கள்."

ஒரு கிழமை கழித்து அவர், தடாகத்தை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார். ஆண்கள் நேரத்துக்குப் போனார். முதல் நாள் படியில் இருந்து காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் கழுத்தளவில் நின்றதாகவும், நின்றபோது அந்த மார்கழி ஆற்றில் கூட இறங்கி ஏறாமல் போன ஆறாவது ஆளின் பெயர் ஞாபகம் வந்ததாகவும் சொன்னார். "கருணாகரன். இருபத்திரண்டு வயசு. இவ்வளவு காலமும் பெயர் வரேல்லை." அவள் அவருடைய தலையைத் துவாயால் துவட்டிவிட்டாள். அது காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் துவட்டினாள்.

ஜூலை தொடக்கத்தில் ஆறு சூடானது. நகரம் மீன் பைகளைத் தூசி தட்டி எடுத்தது. முதல் இறங்கும் நாளன்று செல்வச்சந்திரன் அரைக்காற்சட்டையோடு கற்படியில் நின்றார், கைகளால் மார்பைப் பொத்திக்கொண்டு, ஐயர் தண்ணீர் தெளிக்கக் காத்திருப்பவர் மாதிரி.

"பையின்ர வாலைப் பிடியுங்கோ. விடாதேங்கோ. மேலதான் கொண்டுபோகும், பயப்பிடாதேங்கோ, ஒரு கை நீளத்துக்குள்ள நில்லுங்கோ."

"விடமாட்டன்."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஆறு இருவரையும் தூக்கியது. தூக்கி, நடுப்பாலத்துக்கு முதுகைக் காட்டி, கீழே கொண்டுபோனது.

நகுலேஸ்வரி ஒரு தரம் கையை வீசிப் பார்த்தாள். தண்ணீரில் எந்தத் தயக்கமும் இல்லை. எல்லோருக்கும் ஓடுவதைப் போல அவளுக்கும் ஓடியது. முன்னால் பின்னந்தலைகள் போய்க்கொண்டிருந்தன, நூற்றுக்கணக்கில்.

"மேல எண்டீர்!" செல்வச்சந்திரன் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினார்.

"போன வரியம் மேலதான் போனது!"

"இப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். காலை நீட்டுங்கோ. தலையைப் பின்னால சாயுங்கோ."

அவர் சாய்ந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். அடுத்த பாலத்தின் நிழல் அவர் முகத்தில் ஏறி இறங்கியபோது ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. "பாலத்துக்கு அடியில எவ்வளவு குருவிக் கூடு" என்றார், யாரிடமோ முறைப்பாடு செய்வது போல. நகுலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சத்தத்துக்கு முன்னால் போன பின்னந்தலை ஒன்று திரும்பியது. "நகுலா! நீ எப்படி இந்தப் பக்கம்?" என்று கேட்டது. "இன்றைக்கு இப்படித்தான்" என்றாள் அவள். "சரி" என்றது அந்தத் தலை. அந்த வருடத்தில் நகரம் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். ஆற்றுப் பொலிசு தன் கடிதத்தை வாபஸ் வாங்கி இன்னொரு கடிதம் எழுதியது. வெர்னரின் ஓடத்தில் பிறகு யாரும் நடு ஆற்றில் நிற்கவில்லை. அவசரமாக ஏதும் சொல்ல இருந்தவர்கள் கரையில் நின்றே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

கடைசிப் படியில் இருவரும் ஏறினார்கள். செல்வச்சந்திரனுக்குக் குளிரில் பல் கிட்டியது, ஆனால் பையின் வாலை விடவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஈரக்காலோடு, சொட்டச் சொட்ட, வீட்டை நோக்கி மேலே நடக்கிற சனத்தோடு சனமாக அவர்களும் நடந்தார்கள். வெயில் இன்னும் நீளமாகக் கிடந்தது. ஆட்கள் அவர்களை முந்திக்கொண்டு போனார்கள், போகும்போது திரும்பி நகுலேஸ்வரிக்குத் தலையசைத்தார்கள், அவருக்கும் அசைத்தார்கள்.

"உவர் ஆர்?" என்றார் அவர்.

"மத்தியாஸ். பல் வைத்தியர். பெண்சாதியோட கோபிச்சு, இப்ப சமாதானம்."

"அந்த உயர்ந்தவ?"

"பிரிகித்தா. ட்ராம் ஓட்டுறவ. எட்டாம் நம்பர்."

"எட்டாம் நம்பரிலயோ? நான் முப்பத்திரண்டு வரியம் அதிலதானே வேலைக்குப் போய் வந்தனான்."

"அப்ப உங்களை அவ கொண்டு போயிருப்பா."

அவர் திரும்பி நின்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலைமயிரைப் பிழிந்துகொண்டு வந்தாள், அவரைப் பார்த்தாள், "தண்ணீர் எப்படி இருந்தது உனக்கு?" என்று கேட்டாள். செல்வச்சந்திரன் வாயைத் திறந்தார். அவரிடம் சமையலறைச் சொற்கள்தான் நிறைய இருந்தன.

"அளவான உப்பு" என்றார்.

பிரிகித்தா சிரித்துக்கொண்டே அவர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினாள்.